கழுத்தில் அடைப்பு, கண்ணில் இருட்டு



"கண்ணு கட்டிக்கிட்டு வந்திச்சி, செத்த குந்தினேன், சரியாப் போயிருச்சி." நம் மலைகளில் இந்தப் பேச்சைக் கேட்காத நாள் கிடையாது. அதிலும் ஊவாப் பக்கம் காய்ந்த காற்று வீசுகிற மாதங்களில், காலையில் ஒரு துண்டு ரொட்டியும் சாயத்தண்ணியும் குடித்துவிட்டு ஏறுமலையில் நிற்பவர்களுக்கு இது சர்வ சாதாரணம். சாதாரணமாகப் போனதால்தான் அதற்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு வியாதியை நாம் கவனிப்பதில்லை. அதைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறோம்.

கண் இருட்டுவது எல்லாம் ஒன்றல்ல. பசியில், வெயிலில், இரத்தம் குறைவாக இருக்கும்போது, குனிந்து நிமிரும்போது, பிரஷர் மாத்திரை போட்டுவிட்டுச் சட்டென்று எழும்பும்போது வருகிற இருட்டு இரண்டு கண்ணிலும் ஒன்றாக வரும். தலை சுற்றும், வியர்க்கும், கால் தளரும். உட்கார்ந்தால் தெளியும். அதற்கும் மருந்து வேண்டும்தான். குறிப்பாகக் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு இரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் அது வேறு கதை.

நாம் சொல்ல வருவது ஒற்றைக் கண் இருட்டு. தலை சுற்றாது, வலியும் இருக்காது. ஆள் நன்றாகப் பேசிக்கொண்டு இருப்பார். திடீரென்று ஒரு கண்ணில் மட்டும், மேலே இருந்து திரை இறக்கினது போல, அல்லது மூலையில் இருந்து புகை மூடினது போல, பார்வை மறையும். சிலருக்குச் சில விநாடி, பலருக்கு ஒரு சில நிமிடம். பிறகு அந்தத் திரை தானாகவே தூக்கிக்கொள்ளும். பார்வை பழையபடி வந்துவிடும். வந்துவிட்டதே என்று அவரும் வேலையைப் பார்ப்பார்.

அங்கேதான் ஆபத்து. அது கண் வியாதி இல்லை. பெரும்பாலும் அது கழுத்தில் இருந்து வந்த தகவல்.

இப்படி வந்தால் உடனே ஒரு காரியம் செய்து பாருங்கள். ஒரு கையால் வலது கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு இடது கண்ணை மூடிப் பாருங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் உலகம் இருட்டாகத் தெரிந்தால், திறந்திருக்கும் மற்றக் கண்ணில்தான் கோளாறு. இரண்டு கண்ணாலும் பார்க்கும்போதே ஒரே பக்கத்துப் பாதி மட்டும் தெரியவில்லை என்றால் அது மூளையில் இருந்து வருவது. அதுவும் அவசரம்தான். இந்த வித்தியாசத்தை நீங்கள் கவனித்துச் சொன்னால் டொக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

மேல் தாங்கியும் லயத்துப் பீலியும்

கழுத்துக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நம் லயத்துக்குத் தண்ணி வருகிற வழியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஊற்று, அதற்குக் கீழே தாங்கி, தாங்கியில் இருந்து ஒரு பெரிய குழாய். அந்தப் பெரிய குழாயில் இருந்து கிளைக் குழாய்கள் பிரிந்து ஒவ்வொரு லயத்துப் பீலிக்கும் போகும்.

உடம்பில் தாங்கியின் வேலையை இருதயம் செய்கிறது. சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தத்தை அது தள்ளுகிறது. கழுத்தின் இரு பக்கமும் மேலே ஏறும் பெரிய நாடிகளுக்குக் கரோட்டிட் நாடி என்று பெயர். குரல்வளைக் கட்டி இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் விரலை லேசாக வைத்தால் துடிப்பது அதுதான். (இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அமுக்கிப் பார்க்க வேண்டாம். வயதானவர்களுக்கு மயக்கம் வரும். கரோட்டிட் என்ற பேரே மயங்க வைப்பது என்ற பொருளுள்ள பழைய கிரேக்கச் சொல்லில் இருந்து வந்ததுதான்.)

ஏறக்குறைய அந்தக் கட்டியின் மட்டத்தில் இந்த நாடி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று முகத்துக்கும் தலைத்தோலுக்கும் போகிறது. மற்றது மண்டைக்குள் ஏறி மூளைக்குப் போகிறது. மூளைக்குப் போகிற அந்தக் குழாயில் இருந்து பிரியும் முதல் பெரிய கிளை எங்கே போகிறது தெரியுமா? கண்ணுக்கு. ஆகவே குழாயில் கல்லோ மண்ணோ வந்தால் முதல் வீட்டுப் பீலியில் தெரிவது போல, கழுத்து நாடியில் வரும் கோளாறு சில வேளை மூளையைத் தொடுமுன் கண்ணில் தெரிந்துவிடுகிறது.

கண்ணின் பின்பக்கத்தில் விழித்திரை என்று மெல்லிய சவ்வு உண்டு. நாம் பார்ப்பதெல்லாம் விழுவது அதன்மேல்தான். உடம்பிலேயே எடைக்கு எடை அதிகமாக ஒட்சிசன் கேட்கும் இடங்களில் அது ஒன்று. அதற்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியோ ஒரு மில்லிமீற்றரின் ஐந்தில் ஒரு பங்கு அகலம்கூட இல்லாதது. அது அடைத்தால் அதற்குப் பதிலாக வேறு வழியில் இரத்தம் வருவது பெரும்பாலானவர்களுக்குக் கிடையாது.

நாடி பிரியும் அந்தக் கவட்டில் இரத்தம் சுழித்துக்கொண்டு போகும். வாய்க்கால் பிரியும் இடத்தில் வண்டல் சேர்கிறது அல்லவா? அதுபோல, பல வருஷங்களாகக் கொழுப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து அந்தச் சுவர் தடிக்கிறது. சேர்வது குழாயின் உள்ளே ஒட்டும் அழுக்கு மாதிரி இல்லை, சுவரின் தோலுக்கு அடியில். குழாய் உதாரணம் இந்த இடத்தில் பொருந்தாது, அதனால்தான் "மருந்து குடித்துக் கழுவி எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்கிறோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால் நாடி பாதி அடைத்தாலும் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. அகலத்தில் 70 சதவீதம் போகும் வரைக்கும் மேலே போகும் இரத்தத்தின் அளவு பெரிதாகக் குறையாது. வாளி நிரம்பும் வரைக்கும் யார் குழாயைத் தோண்டிப் பார்க்கிறார்கள்? கழுத்து வலிக்காது. கனக்காது. கூடைக் கயிற்றால் வரும் கழுத்து வலிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, அது தசைநார் வலி. இதைப் பல அம்மாமார் கேட்பதால் சொல்லி வைக்கிறோம்.

அப்படியானால் கண் ஏன் இருட்டுகிறது? பல பேர் நினைப்பது போல இரத்தம் மெதுவாக வற்றுவதால் அல்ல. தடித்த இடத்தின் மேல்தோல் ஒருநாள் வெடிக்கும். வெடித்த புண்ணில் இரத்தம் உறைந்து ஒட்டும். அதில் இருந்து ஒரு துகள் பிய்ந்து ஓட்டத்தோடு மேலே போகும். அது கண்ணுக்கான கிளையில் திரும்பினால் விழித்திரை நாடியில் போய் நிற்கும். திரை விழும். துகள் நொறுங்கி நகர்ந்தால் திரை தூக்கும். நகராமல் அப்படியே நின்றுவிட்டால் அந்தக் கண் போயிற்று. அதே துகள் கண்ணுக்குத் திரும்பாமல் நேரே போனால் மூளையில் நிற்கும். அதுதான் பாரிசவாதம், நாம் வாதம் அடிச்சிருச்சி என்கிறோமே அது.

இதைக் கண்டுபிடித்த கதையும் கேட்கத் தகுந்தது. கனடாவின் மொன்றியல் நகரில் மில்லர் பிஷர் என்று ஒரு டொக்டர். பாரிசவாதம் வந்த ஒருவர், அதற்கு முன்னால் தனக்கு ஒரு கண் அடிக்கடி இருட்டிப் போனதாக அவரிடம் சொன்னார். இருட்டிய கண்ணோ வாதம் விழுந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். மூளையின் வலது பாதிதான் இடது கை, காலை ஆட்டுவிக்கிறது என்பது தெரிந்த விஷயம். ஆனால் வலது கழுத்து நாடி இரத்தம் கொடுப்பது வலது கண்ணுக்கும் வலது மூளைக்கும். அப்படியென்றால் கண்ணையும் கையையும் கெடுத்த இடம் ஒன்றே, அது கழுத்து, என்று பிஷர் பிடித்துக்கொண்டார். 1951இல் அதை எழுதினார். 1959இல் ஒருவருக்குக் கண் இருட்டிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே கருவியால் உள்ளே பார்த்து, வெள்ளைத் துகள்கள் விழித்திரை நாடிகளில் மெல்ல நகர்ந்து போவதைக் கண்டு எழுதினார். 1961இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த ஹொலன்ஹோர்ஸ்ட் என்ற கண் டொக்டர், இப்படிப்பட்டவர்களின் கண்ணுக்குள் மின்னும் மஞ்சள் கொழுப்புத் துகள்களை விவரித்தார். இன்றைக்கும் அந்தத் துகளுக்கு அவர் பெயர்தான். நோயாளி சொன்ன ஒரு வார்த்தையைக் காது கொடுத்துக் கேட்டதால் வந்தது இத்தனையும்.

மெதுவாக மங்குவதும் உண்டு

இன்னொரு வகை அவ்வளவு அதிகம் இல்லை. நாடி 90 சதவீதத்துக்கு மேல் அடைத்துப் போய், கண்ணுக்கு உண்மையிலேயே இரத்தம் பற்றாமல் போவது. இவர்களுக்குக் கிழமைக்கணக்கில், மாதக்கணக்கில் பார்வை மங்கும். புருவத்தைச் சுற்றி மந்தமான வலி இருக்கலாம். வெளிச்சமான இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அந்தக் கண் வெளுத்துப் போய், பார்வை திரும்ப ரொம்ப நேரம் எடுக்கும். வெயிலில் இருந்து லயக் காம்பராவுக்குள் நுழைந்தால் எல்லோருக்கும் கொஞ்ச நேரம் தெரியாதுதான். ஒரு கண் மட்டும் மற்றக் கண்ணைவிட வெகுநேரம் பிந்தினால் கவனியுங்கள்.

வயதானவர்களின் பார்வை மங்கினால் "புரை வளருது, அறுத்தாச் சரி" என்று நாமே முடிவு கட்டுகிறோம். பெரும்பாலும் புரையாகத்தான் இருக்கும். சீனி வியாதி உள்ளவருக்கு விழித்திரையே கெட்டிருக்கலாம். அல்லது இதுவாக இருக்கலாம். பின்பக்கத்தைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. இரத்தம் பற்றாத கண்ணில் புது நரம்பு போல மெல்லிய இரத்தக்குழாய்கள் முளைத்து, கண்ணின் அழுத்தம் ஏறி, மிச்சப் பார்வையும் போய்விடும்.

என்ன செய்வது

ஒற்றைக் கண் இருட்டு வந்து போனால், பார்வை திரும்பி வந்திருந்தாலும், அன்றைக்கே போக வேண்டும். சம்பளம் எடுத்துவிட்டு இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை. அன்றைக்கே. இப்படி ஒரு எச்சரிக்கை வந்தவர்களில் பாரிசவாதம் வருகிறவர்களுக்கு அது முதல் சில நாட்களிலேயே வரும் வாய்ப்பு அதிகம். ஒரு நாள் பேர் போய்விடும் என்ற கவலை எங்களுக்கும் புரிகிறது. பிரட்டுக்களத்தில் நின்றுகொண்டு "கண்ணு நல்லாத்தான் தெரியுது, ஆனா ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று சொன்னால் சிரிப்பார்கள் என்பதும் தெரியும். கங்காணிமாரும் கணக்கப்பிள்ளைமாரும் இந்தப் பகுதியைக் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் "தலை சுத்து" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் தலை சுற்றுக்குத்தான் மாத்திரை கிடைக்கும். "ஐயா, வலது கண்ணு மட்டும், திடீர்னு, அஞ்சு நிமிஷம் தெரியல, பிறகு வந்திருச்சி" என்று சொல்லுங்கள். எந்தக் கண், எத்தனை நிமிடம், எத்தனை தடவை, அந்த நேரத்தில் கை கால் மரத்ததா, பேச்சுக் குழறியதா. இவ்வளவும் வேண்டும். பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். கடிதம் இல்லாவிட்டாலும் அவசரப் பிரிவுக்கு நேரே போகலாம். தியத்தலாவை, வெலிமடை, மொனராகலைப் பக்கத்தில் இருப்பவர்கள் அங்குள்ள ஆதார, மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு முதலில் போய்க் காட்டலாம்.

பார்வை திரும்பி வராவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. குரங்குகளின் கண்ணில் செய்த ஆராய்ச்சியில், நாடி முழுதாக அடைத்தால் விழித்திரை ஒன்றரை மணித்தியாலம் அளவுக்குத் தாங்குகிறது, நான்கு மணித்தியாலம் போனால் பெரும்பாலும் மீளுவதில்லை என்று கண்டார்கள். மடுல்சீமை, லுணுகலைப் பக்கத்து மேல் டிவிசன்களில் இருந்து பதுளைக்கு இறங்குவதற்கே எவ்வளவு நேரம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் வீட்டில் எண்ணெய் விடுவது, தாய்ப்பால் விடுவது, மந்திரிப்பது எல்லாம் வேண்டாம்.

வாய் ஒரு பக்கம் கோணினால், தூக்கின கை கீழே விழுந்தால், பேச்சுக் குழறினால் 1990 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள். 2016இல் இந்திய உதவியோடு தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவை அது, பிறகு ஊவாவுக்கும் வந்தது. காசு கிடையாது. லயத்து வாசல் வரைக்கும் வண்டி ஏறாத இடமாக இருந்தால் எந்தச் சந்தியில், எந்தக் கோயிலடியில் நிற்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லி, கொழுந்து லொறியிலாவது ஆளை ரோட்டுக்கு இறக்குங்கள். பாரிசவாதத்துக்கு உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசி போட வேண்டுமென்றால் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். வழியில் சாப்பிடக் குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம், புரையேறும். அஸ்பிரினையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்தால் அது ஆளையே கொன்றுவிடும். ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் அடைப்பா கசிவா என்று எந்தக் கெட்டிக்காரராலும் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியில் கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். அன்றைக்குப் பார்வை சில மணித்தியாலம் கூசும், ஆகவே தனியாகப் போகாதீர்கள். இருதயத்தையும் பார்ப்பார்கள், ஏனென்றால் துகள் அங்கிருந்தும் வரலாம். கழுத்தில் ஜெல் தடவி டொப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேன் போலத்தான், வலிக்காது, ஊசியும் கிடையாது. வயதானவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி, தலை சீவும்போது தோல் நோவு, வெற்றிலை மெல்லும்போது தாடை நோவு இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அது நாடி வீங்கும் வேறொரு வியாதி, மருந்தும் வேறு.

அடைப்பு இருந்தால் எல்லோருக்கும் கழுத்தை வெட்டுவார்கள் என்று பயப்பட வேண்டாம். அதிகம் பேருக்கு மாத்திரைதான்: இரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, கொலஸ்ட்ரோலுக்கு ஒன்று, பிரஷருக்கு, சீனிக்கு. கண்ணிலோ மூளையிலோ எச்சரிக்கை வந்து, அந்தப் பக்க நாடி 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கி இருந்தால்தான் சத்திரசிகிச்சை பெரிதாக உதவுகிறது. 1954இல் இலண்டன் சென்ற் மேரிஸ் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்குக் கழுத்து நாடியின் அடைத்த பகுதியை எடுத்துவிட்டுச் சேர்த்துத் தைத்தார்கள். அதற்குப் பிறகு பல வருஷம் இது நல்லதா கெட்டதா என்று டொக்டர்மாருக்குள்ளேயே வழக்கு. 1991இல் வட அமெரிக்காவில் நடந்த பெரிய ஆராய்ச்சி அதைத் தீர்த்தது. கடுமையான அடைப்பு உள்ளவர்களில் மருந்து மட்டும் எடுத்த 100 பேரில் 26 பேருக்கு 2 வருஷத்துக்குள் அந்தப் பக்கத்துப் பாரிசவாதம் வந்தது. சத்திரசிகிச்சையும் செய்தவர்களில் 9 பேருக்குத்தான். செய்வதென்றால் எச்சரிக்கை வந்து இரண்டு கிழமைக்குள் செய்தால் பலன் கூட. அதற்காகக் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பினால் தட்டிக்கழிக்காதீர்கள். நாடி முழுதாகவே அடைத்துப் போயிருந்தால் அதைத் திறப்பதில்லை.

நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்குக் கழுத்தைவிட மண்டைக்குள் இருக்கும் நாடிகளில் சுருக்கம் வருவது வெள்ளைக்காரர்களைவிட அதிகம். ஆகவே கழுத்து ஸ்கேன் நன்றாக இருந்தால் "ஒன்னும் இல்ல" என்று மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

வராமல் தடுப்பதைப் பற்றி எழுதினால் எல்லாரும் பக்கத்தைப் புரட்டுவீர்கள் என்று தெரியும். இருந்தாலும் இரண்டு விஷயம். ஒன்று புகை. பீடியும் சுருட்டும் நாடியின் உள்தோலைக் கெடுக்கின்றன. "நான் குடிக்கிறதில்ல, வெத்தலையோட போயிலை போடுறதுதான்" என்று சொல்லும் அம்மாமாரே, மென்றாலும் அந்த நிக்கொட்டின் இரத்தத்தில் கலந்து பிரஷரை ஏற்றத்தான் செய்யும், வாய்ப்புற்றுநோய் வேறு. இரண்டாவது உப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரொட்டி மாவில் உப்பு, கட்டச்சம்பலில் உப்பு, கருவாட்டில் உப்பு என்று நம் ஒருவேளைச் சாப்பாட்டிலேயே அது முடிந்துவிடும்.

கழுத்து நோகுது என்று சலூனில் தலையைச் சட்டென்று திருப்பி நெட்டி முறிக்க விடுவதையும் நிறுத்துங்கள். நாடியின் உட்சுவர் கிழிந்து, இளவட்டப் பையன்களுக்கே பாரிசவாதம் வந்தது உண்டு.

பிரஷர் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. "உடம்பு நல்லாத்தானே இருக்கு", "மாத்திரை சூடு", "கிளினிக் போக நேரம் இல்ல" என்று நிறுத்திவிடுகிறோம். உடம்பு நன்றாக இருப்பதே மாத்திரையால்தான் என்பது பல பேருக்கு விளங்குவதில்லை. 35 வயதைத் தாண்டியவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நடக்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களுக்குப் போய் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். கிளினிக் கொப்பியைப் பெட்டிக்கு அடியில் வைக்காமல், பிள்ளைகளுக்கும் தெரிகிற இடத்தில், அடையாள அட்டையோடு ஒரே பையில் போட்டுத் தொங்கவிடுங்கள். அவசரத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு ஆளைத் தூக்கும்போது அந்தப் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொள்ளலாம்.